காட்டுக்குள் ஒரு முத்திரை: லெட்டர்பாக்ஸிங் பழகுவோருக்கு

"வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நீல அடையாளப் பாதையில் நடக்கவும். இரண்டாவது கல் சுவரைத் தாண்டியதும் நிற்கவும். இடப்பக்கம், ஒரே அடியிலிருந்து மூன்றாகப் பிரிந்த ஓக் மரம் தெரியும். அதற்கு முதுகைக் காட்டி நின்று, 120 டிகிரி திசையில் 30 எட்டு வைக்கவும். பாசி படர்ந்த பாறையின் தெற்குப் பக்கம், தேங்காய் அளவுக் கல்லுக்குப் பின்னால் பார்க்கவும்."

இப்படி ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, மரங்களை அண்ணாந்து பார்த்தபடி மெதுவாக நடந்து போகிற ஒருவரை அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் எப்போதாவது நீங்கள் கடந்து போயிருக்கலாம். அவர் தேடுவது ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் காசோ பரிசோ கிடையாது. யாரோ கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்றும், உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றும் இருக்கும். கண்டுபிடித்தவர் அந்த முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார். தன்னுடைய முத்திரையை டப்பாவிலுள்ள நோட்டில் பதித்துவிட்டு, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே ஒளித்து வைத்துவிட்டு வருவார். இதற்குத்தான் லெட்டர்பாக்ஸிங் என்று பெயர்.

மேலே இருக்கும் குறிப்பு, எங்கள் முதல் தேடலை வைத்து நானே எழுதிய மாதிரிதான். அதை நம்பி யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆனால் உண்மையான குறிப்புகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சில இன்னும் எளிதாக, சில விடுகதை போல, சில பாட்டாக.

கேட்பதற்கு "இவ்வளவுதானா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கனெக்டிகட் மாநிலத்தில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு இயற்கைக் காப்பகத்தில் நானும் மகளும் நான்கு வருடமாக வாராவாரம் நடந்துகொண்டிருந்தோம். அந்தப் பாதையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். முதல் குறிப்பைக் கையில் எடுத்த அன்றுதான், அங்கே எத்தனை கல் சுவர்கள் குறுக்கிடுகின்றன என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. ஐந்து இருந்தன.

பெயர் வந்த கதை

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்று ஒரு பெரிய மேட்டு நிலம் இருக்கிறது. மரம் அதிகம் இல்லாத, புல்லும் சதுப்பும் கருங்கல் குன்றுகளும் நிறைந்த இடம். அதன் வடபகுதியில் க்ரான்மியர் பூல் என்று ஓர் இடம். பெயரில்தான் குளம், போய்ப் பார்த்தால் கரிமண் பள்ளம். சுற்றிலும் கால் புதையும் சதுப்பு. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்கிற வழிகாட்டி, தான் கூட்டிப்போகும் பயணிகள் தங்கள் பெயரட்டையைப் போட்டுவிட்டு வர வசதியாக அங்கே ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்தார். "இவ்வளவு தூரம் நான் வந்தேன்" என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

பாட்டில் பிறகு தகரப் பெட்டியானது. பிரிட்டனில் 1870இல் அஞ்சலட்டை வந்தபின், போகிறவர்கள் தங்கள் முகவரியோ நண்பர் முகவரியோ எழுதி, தபால்தலை ஒட்டிய அட்டையைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வரும் பழக்கம் தொடங்கியது. அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய் ஊருக்குள் இருக்கும் தபால் பெட்டியில் போடுவார். அட்டை எத்தனை நாளில் வந்து சேர்கிறது என்பதை வைத்து, அந்தச் சதுப்புக்கு அடுத்த ஆள் எப்போது போனார் என்று தெரிந்துவிடும். லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் இங்கிருந்து வந்ததுதான். 1937இல் ஒரு செய்தித்தாளின் வாசகர்கள் பணம் போட்டு க்ரான்மியரில் கருங்கல் பெட்டி கட்டினார்கள். மறுவருடம், டார்ட்மூர் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய வில்லியம் கிராஸிங் நினைவாக டக்ஸ் பூல் என்ற இடத்தில் இன்னொன்று வந்தது. நெடுங்காலம் அங்கே ஒரு சில பெட்டிகள்தான். 1970களுக்குப் பிறகுதான் எண்ணிக்கை எகிறி, ஆயிரக்கணக்கில் போனது. 100 பெட்டிகளைக் கண்டவர்களுக்கென்று '100 கிளப்' என்று ஓர் அமைப்பே உண்டு.

டார்ட்மூர் போகிறவர்களுக்கு ஒரு சொல்: க்ரான்மியர் பூல் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி எல்லைக்குள் இருக்கிறது. பயிற்சி நேரத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே கால் வைக்கக் கூடாது.

அமெரிக்காவுக்கு இது தாமதமாகத்தான் வந்தது. 1998 ஏப்ரலில் ஸ்மித்சோனியன் இதழில் டார்ட்மூர் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படித்த சிலர் தங்கள் ஊர்க் காடுகளில் பெட்டி வைக்கத் தொடங்கி, குறிப்புகளை இணையத்தில் பகிர்ந்துகொண்டார்கள். டார்ட்மூரின் திறந்த வெளியில் தூரத்துக் குன்றுகளைப் பார்த்துத் திசை சொல்லலாம். கனெக்டிகட்டும் அதன் அண்டை மாநிலங்களும் சேர்ந்த அமெரிக்க வடகிழக்குக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர், அங்குள்ள காட்டில் இருபதடி தாண்டி எதுவும் தெரியாது. அதனால் குறிப்பு எழுதும் முறையே மாறிப்போனது. குன்றின் இடத்தை மரமும் பாறையும் பழைய சுவரும் பிடித்துக்கொண்டன.

பையில் வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு ஸ்டாம்ப் பேட், ஒரு பேனா, ஒரு காம்பஸ், உங்களுக்கென்று ஒரு முத்திரை. நோட்டு கோடு போடாததாக, தாள் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய தாளில் மை பின்பக்கம் ஊறிவிடும். ஸ்டாம்ப் பேட் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் பல டப்பாக்களில் அது இருக்காது, இருந்தாலும் காய்ந்திருக்கும். கொஞ்சம் டிஷ்யூ பேப்பரும் தண்ணீரும் எப்படியும் எடுத்துப் போவீர்கள்.

முத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இதில் பிடித்த பகுதி இது.

பள்ளியில் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வாட்டர்கலரில் தோய்த்து, தாளில் பூப்பூவாகப் பதித்திருப்பீர்கள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி நட்சத்திரம் செதுக்கியிருப்பீர்கள். அதே வேலைதான், அழுகாத பொருளில். கடையில் கிடைக்கும் பெரிய வெள்ளை அழிரப்பர் போதும். செதுக்குவதற்கென்றே விற்கும் மென்மையான ரப்பர் பலகைகளும் ஓவியக் கடைகளில் உண்டு. லினோ உளி என்று சொல்லும் சின்ன உளி ஒன்று வேண்டும். 'வி' வடிவ முனை கோடு போட, 'யூ' வடிவ முனை பரந்த இடத்தைச் சுரண்ட.

எழுத்தைச் செதுக்கினால் முத்திரையில் இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தால்தான் தாளில் நேராக விழும். இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, அந்தப் பக்கத்தை ரப்பர் மேல் கவிழ்த்து, நகத்தால் தேய்த்தால் படம் தானாகவே திரும்பிப் பதிந்துவிடும். அதன்மேல் செதுக்கினால் போதும். உளியைப் பிடித்த கை அசையாமல் இருக்க, மற்றக் கையால் ரப்பரைத் திருப்பிக்கொண்டே வந்தால் வளைவுகள் அழகாக வரும். கோட்டின் அடியைக் குடைந்துவிடாமல், வெளிப்பக்கமாகச் சரிவாக வெட்ட வேண்டும். அடியில் தாங்கல் இல்லாத கோடு நான்கு தடவை பதித்ததும் பிய்ந்துவிடும். உளி போகும் பாதையில் விரல் இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் படம் வரையட்டும், வெட்டுவது பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

என் மகள் தன் முத்திரைக்கு அணிலைத் தேர்ந்தெடுத்தாள். முதுகில் மூன்று கோடு வேண்டும் என்று பிடிவாதம். கனெக்டிகட்டில் ஓடுகிற சாம்பல் அணிலுக்குக் கோடே கிடையாது, அதனால் என்ன, அவளுடைய அணில் திருநெல்வேலியில் பாட்டி வீட்டு மாமரத்து அணில். ஒரு பெட்டியின் நோட்டில் யாரோ அந்த முத்திரைக்குப் பக்கத்தில் "இது எந்த ஊர் அணில்?" என்று எழுதி வைத்திருந்தார்கள். அடுத்த தடவை போனபோது அவள் பதில் எழுதிவிட்டு வந்தாள்.

முத்திரையோடு ஒரு பெயரும் வைத்துக்கொள்வார்கள். பாதைப் பெயர் என்பார்கள். நம்மூர் எழுத்தாளர்களின் புனைபெயர் மாதிரி. சொந்தப் பெயரை நோட்டுகளில் எழுதுவதில்லை. பத்து வருடமாக ஒருவரின் முத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, அவர் முகம் தெரியாமலே இருப்பதும் உண்டு.

குறிப்பைப் படிப்பது

முதலில் பாதை அடையாளம். கனெக்டிகட்டில் நீல வண்ணப் பாதைகள் 800 மைலுக்கு மேல் நீள்கின்றன. மரத்தண்டில் கண் மட்டத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை நீலப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு பட்டை இருந்தால் நேராகப் போ என்று அர்த்தம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பம் வருகிறது. மேல் பட்டை எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இது தெரியாமல் குறிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு போனால், பெட்டியைத் தேடுவதை விட்டுப் பாதையைத் தேட வேண்டி வரும்.

அடுத்து எட்டு. ஒரு காலை எடுத்து வைத்தால் ஒரு எட்டு என்று சிலர் கணக்கிடுவார்கள். வேறு சிலர் வலது கால் தரையில் படும்போது மட்டும் எண்ணுவார்கள். அதாவது இரண்டு காலடிக்கு ஒரு எண்ணிக்கை. பழைய ரோமானியப் படையினர் எண்ணியது இரண்டாவது முறையில்தான். அப்படி ஆயிரம் எண்ணினால் ஒரு மைல், 'மைல்' என்ற சொல்லே ஆயிரம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நல்ல குறிப்பாசிரியர் தன் கணக்கு எது என்று மேலேயே எழுதிவிடுவார். எழுதவில்லை என்றால், முதல் முறையில் சொன்ன இடத்தில் இல்லையா, இன்னொரு மடங்கு நடந்து பாருங்கள்.

பிறகு காம்பஸ். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. "120 டிகிரி" என்றால் கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே சாய்ந்த திசை. சுழலும் வட்டம் உள்ள சாதாரண காம்பஸில் 120ஐ மேலே உள்ள கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். காம்பஸை நெஞ்சுக்கு முன்னால் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஆடும் சிவப்பு முள் அச்சிட்ட சிவப்புக் கூட்டுக்குள் வந்து உட்காரும்வரை உடம்போடு திரும்புங்கள். இப்போது உங்கள் மூக்கு பார்க்கும் திசைதான் 120. அப்படியே குனிந்து காம்பஸைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வளைந்துவிடுவீர்கள். அந்த நேர்கோட்டில் தெரியும் ஒரு மரத்தை மனதில் குறித்துக்கொண்டு அதை நோக்கி நடப்பதுதான் சரி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அது எங்களை முதல் நாள் ஒரு மணி நேரம் சுற்றவைத்தது.

அக்டோபர் மாதம், சனிக்கிழமைக் காலை. நான் காம்பஸ் வாங்கவில்லை, போனில்தான் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். இரண்டாவது சுவர் வந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள்: "அம்மா, மூணு தண்டு மரம்!" முதுகைக் காட்டி நின்று, போன் காட்டிய திசையில் எட்டுகளை எண்ணினோம். போய் நின்ற இடத்தில் பாறையே இல்லை. சருகு மட்டும். திரும்பி வந்து மறுபடி எண்ணினோம். அதே சருகு. மூன்றாவது தடவை, "தாத்தா காம்பஸ்ல பாக்கலாமா?" என்றாள். அவள் தாத்தா கொடுத்த ஒரு பித்தளைக் காம்பஸ் விளையாட்டுச் சாமானாக அவள் பையில் கிடந்தது. அதில் பார்த்தால் திசை கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் காட்டியது. அந்தப் பக்கம் நடந்தோம். பாறை இருந்தது. முன்பு நின்ற இடத்திலிருந்து ஐந்து மீட்டர்கூட இல்லை. நடுவில் ஒரு ஹெம்லாக் மரம் தழைத்து மறைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் புரிந்தது. காம்பஸ் முள் காட்டுவது காந்த வடக்கு. வரைபடத்தின் வடக்கு வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் இருப்பவருக்கு அது கவலைப்படும் அளவு இல்லை. கனெக்டிகட்டில் ஏறக்குறைய 13 டிகிரி. பெரும்பாலான குறிப்புகள் காந்த வடக்கை வைத்து எழுதப்படுகின்றன, ஏனென்றால் எழுதுபவர் கையில் சாதாரண காம்பஸ்தான் இருக்கும். என் போனோ வரைபட வடக்கைக் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. 13 டிகிரி பிசகினால் 30 எட்டு, அதாவது சுமார் 22 மீட்டர் நடந்து முடிக்கும்போது ஐந்து மீட்டர் விலகிப்போயிருப்போம். போனின் அமைப்புகளில் இதை மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு சின்னக் காம்பஸ் வாங்கிவிடுங்கள், சார்ஜ் தீராது.

சுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுக்காட்டில் எதற்குக் கல் சுவர் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். இது முன்பு காடாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த நிலத்தின் பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமும்தான். பனியுகம் விட்டுப்போன கற்கள் மண்ணுக்குள் நிறைய. உழும்போதெல்லாம் மேலே வந்த கல்லைப் பொறுக்கி, வரப்போரம் அடுக்கினார்கள். அந்த அடுக்குதான் சுவர். பிறகு மேற்கே நல்ல மண் கிடைக்கிறது என்று மக்கள் கிளம்பிப்போக, மில் வேலைக்கு நகரங்களுக்குப் போக, நிலம் தரிசாகி, மரம் முளைத்து, காடு திரும்பி வந்தது. குறிப்பில் "சுவர் மூலை" என்று வந்தால் அது யாருடைய வயலின் மூலையோ. "அடித்தளக் குழி" என்று வந்தால் ஒரு வீடு நின்ற இடம். ஒரு குழியின் ஓரத்தில், மே மாதம் யாருமே கவனிக்காத லைலாக் செடி பூத்திருப்பதைப் பார்த்தேன். யாரோ ஒருத்தி வாசலில் வைத்த செடியாகத்தான் இருக்க வேண்டும்.

மரங்களை அடையாளம் காணக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். பீச் மரத்தின் பட்டை வழவழப்பாக, யானைத்தோல் நிறத்தில் இருக்கும். குளிர்காலத்திலும் வெளிறிய இலைகள் உதிராமல் தொங்கும். ஷாக்பார்க் ஹிக்கரி மரத்தின் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும், தூரத்திலிருந்தே தெரியும். ஹெம்லாக் ஊசியிலை மரம். ஊசிகள் சின்னவை, அடிப்பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. குறிப்பு எழுதுபவர்கள் இந்தப் பெயர்களைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள்.

பெட்டி கிடைத்ததும்

முதலில் சுற்றிப் பாருங்கள். வேறு நடைப்பயணிகள் வருகிறார்களா? வந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், அவர்கள் போகட்டும். விஷயம் தெரியாதவர் கண்ணில் பெட்டி பட்டால் குப்பை என்று எடுத்துப் போய்விடலாம், நல்லெண்ணத்தோடுதான்.

கையை நேராகப் பொந்துக்குள் விடாதீர்கள். குச்சியால் தட்டிப் பாருங்கள். கனெக்டிகட் காடுகளில் காப்பர்ஹெட், கிலுகிலுப்பைப் பாம்பு இரண்டு விஷப்பாம்புகளும் உண்டு. அரிதுதான், ஆனாலும் பாறை இடுக்கு அவற்றுக்குப் பிடித்த இடம். பெட்டி இருந்த நிலையை எடுப்பதற்கு முன்பே பார்த்து வையுங்கள், எந்தக் கல் எதன்மேல் என்று. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டு, மூன்று ஜிப் கவருக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து திறங்கள். அவர்கள் முத்திரை உங்கள் நோட்டில், உங்கள் முத்திரை அவர்கள் நோட்டில். தேதி, பாதைப் பெயர், விரும்பினால் இரண்டு வரி. முத்திரையை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அது அந்த இடத்துக்குச் சொந்தம். பதித்த மையை ஈரமான டிஷ்யூவால் துடைத்து, உலரவைத்து உள்ளே வையுங்கள். கவர்களில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். உள்ளே ஈரம் புகுந்தால் நோட்டு ஒரே மாதத்தில் பூசணம் பிடித்துவிடும்.

நோட்டை அவசரமில்லாமல் படியுங்கள். நான் பார்த்த ஒரு நோட்டில் 2009இலிருந்து பதிவுகள் இருந்தன. ஒரு தம்பதி வருடா வருடம் ஒரே தேதியில் வந்து பதித்திருந்தார்கள், அவருக்கு ஆந்தை, அவளுக்கு நிலா. 2017க்குப் பிறகு ஆந்தை இல்லை. நிலா மட்டும் ஒவ்வொரு வருடமும் வந்திருந்தது.

சில பெட்டிகளில் இன்னொரு முத்திரையும் அதற்கென்று தனி நோட்டும் இருக்கும். அது 'ஹிட்ச்ஹைக்கர்', லிஃப்ட் கேட்டுப் பயணம் செய்யும் முத்திரை. அதை நீங்கள் எடுத்துப்போய் அடுத்து கண்டுபிடிக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். எடுத்துக்கொண்டுபோய் மேசை இழுப்பறையில் மறந்துவிடக் கூடாது என்பதுதான் இதிலுள்ள ஒரே கட்டுப்பாடு.

குறிப்பில் சொன்ன இடத்தில் பெட்டி இல்லாமலும் போகலாம். மரத்தை அடையாளமாக வைத்து எழுதிய பழைய குறிப்புகளில் இது அதிகம். 2015க்குப் பிறகான சில வருடங்களில் கம்பளிப்பூச்சிகள் பெருகி கனெக்டிகட்டின் ஓக் மரங்களை ஏராளமாகக் கொன்றன. ஹெம்லாக்கை வேறொரு பூச்சி தின்றுகொண்டிருக்கிறது. "மூன்று தண்டு ஓக்" இன்று படுத்துக் கிடக்கலாம். அப்போது வெறிகொண்டு கல்லையெல்லாம் புரட்டாதீர்கள். வைத்தவருக்குத் தகவல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

புரட்டக் கூடாத கட்டை

இது எனக்கு முக்கியம், அதனால் நீட்டிச் சொல்கிறேன். விழுந்து மக்கிய மரக்கட்டை ஒன்றைப் புரட்டினால் அடியில் பென்சிலைவிட மெல்லிய, செங்கல் நிறத்தில் முதுகுக்கோடு போட்ட ஓர் உயிர் சுருண்டிருக்கும். செம்முதுகு சாலமாண்டர், பார்க்கப் பல்லி போல இருக்கும், ஆனால் தவளைக்கு உறவு. நியூ இங்கிலாந்து காடுகளில் இவை ஏராளம், நடப்பவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இதற்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு. கட்டைக்கு அடியிலுள்ள ஈரம் காய்ந்தால் அதற்குக் காற்றே இல்லை என்று அர்த்தம். பெட்டி தேடி வருகிறவர் ஒவ்வொருவரும் பத்துக் கட்டையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல குறிப்பு இருந்தால் புரட்டவே வேண்டியிருக்காது. குறிப்பு தெளிவாக இல்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் காட்டுக்குள் மழைநீர்க் குட்டைகள் தேங்கும், கோடையில் வற்றிவிடும். காட்டுத் தவளையும் புள்ளி சாலமாண்டரும் முட்டையிட அங்கேதான் வருகின்றன. அந்தக் குட்டைகளின் கரையில் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். டார்ட்மூரில் வேறு மாதிரி பிரச்சினை வந்தது: வெண்கலக் காலக் கல் வரிசைகளிலும் கல்லறைகளிலும் கற்களை நகர்த்திப் பெட்டி வைத்தார்கள். அதனால் தொல்லியல் சின்னங்களில் வைக்கக் கூடாது, சுவரைப் பிரிக்கக் கூடாது, சிமென்ட் பூசக் கூடாது என்று அங்கே நடைமுறை விதிகள் வந்தன. தோண்டிப் புதைப்பது எங்குமே கூடாது.

நமக்கும் காவல் வேண்டும். லைம் நோய்க்குப் பெயர் கொடுத்ததே கனெக்டிகட்டிலுள்ள லைம் என்ற ஊர்தான். எள் அளவு உண்ணி கடித்துப் பரவுவது அது. பேன்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு, பாதையின் நடுவில் நடந்து, வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால், அக்குள், காது மடல், தலைமுடி எல்லாம் பாருங்கள். பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கிருமி ஏறும், எனவே அன்றைக்கே எடுத்துவிட்டால் பயம் குறைவு. மூன்று மூன்று இலையாக, நடு இலை மட்டும் நீளமான காம்போடு நிற்கும் பாய்சன் ஐவியைத் தொட வேண்டாம். இலையுதிர்காலம் வேட்டைப் பருவம் என்பதால், வேட்டைக்கு அனுமதி உள்ள காடுகளில் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்கலாம்

ஜிபிஎஸ் கருவியை வைத்து ஒளித்த பொருளைத் தேடும் ஜியோகேஷிங் தெரிந்தவர்கள் "அதுதானே இது?" என்பார்கள். உறவு உண்டு, வயது வேறு. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்குவதை நிறுத்தியது. மறுநாளே ஆரிகனில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்து, அதன் இட எண்களை வெளியிட்டார். அதில் எண்கள் வழிகாட்டும். இதில் சொற்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. எண்ணைத் தொடர்ந்தால் கண் திரையில் இருக்கும்.

கனெக்டிகட்டில் இருப்பவர்களுக்கு நல்ல தொடக்கம் மாநிலக் காடுகள். அங்கே வனத்துறையே பெட்டிகளை வைத்துக் குறிப்புகளை வெளியிடுகிறது. ஐந்து பெட்டிகளைக் கண்டவருக்கு ஒரு கைத்தடி தந்ததும் உண்டு. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் எல்லையில் 1990களிலிருந்தே 'வேலி குவெஸ்ட்' என்ற தேடல்கள் நடக்கின்றன. குறிப்புகள் எதுகை வைத்த பாட்டாக இருக்கும், அந்த ஊரின் பழைய மில், பள்ளிக்கூடம், ஆறு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே கூட்டிப்போகும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதில் தொடங்கலாம். முதல் தடவை ஒரு மைலுக்குள் உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். சமீபத்தில் யாராவது கண்டுபிடித்ததாகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்களே பெட்டி வைப்பதற்கு முன் பத்துப் பதினைந்தாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். அப்புறம் நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். காப்பகம் என்றால் அதை நடத்தும் அறக்கட்டளை, ஊர்ப் பூங்கா என்றால் ஊராட்சி. பல காப்பகங்களில் பாதையை விட்டு இறங்கவே அனுமதி கிடையாது. தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் எதையும் வைத்துவிட்டு வரக் கூடாது. நாங்கள் கேட்டபோது காப்பகத்தார் ஒரு வரைபடத்தை விரித்து, எங்கெங்கே கூடாது என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார்கள். பாதையிலிருந்து நான்கு அடிக்குள், பாறையின் பின்னால், தரை கெட்டியாக உள்ள இடமாகப் பாருங்கள் என்றார்கள். நூறு பேர் நடந்தால் பாசியில் புதிதாக ஒரு பாதை விழுந்துவிடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை.

குறிப்பை எழுதி முடித்ததும், அந்தக் காட்டுக்கு ஒருநாளும் வராத ஒருவரிடம் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால், வாயைத் திறக்காமல். எங்கள் குறிப்பில் "பெரிய பாறை" என்று எழுதியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா அதற்கு முன்பே இருந்த வேறொரு பெரிய பாறையில் நின்றுவிட்டார். மகள் அதை "நடுவில் பிளந்து, பிளவில் ஒரு பிர்ச் மரம் வளரும் பாறை" என்று மாற்றினாள். மரம் விழுந்தாலும் பிளவு இருக்கும் என்று அவளே சொன்னாள்.

பெட்டியில் வைத்த முத்திரை அந்தச் செம்முதுகு சாலமாண்டர். செதுக்கியது நான், வரைந்தது அவள். பருவத்துக்கு ஒரு முறையாவது போய், நோட்டு நனைந்திருக்கிறதா, கவர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும். வைத்து மூன்றாவது வாரம் போனோம். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு பச்சை ஆமை. கீழே தேதி, பாதைப் பெயர், பிறகு ஒரு வரி: "எந்தக் கட்டையையும் புரட்டாமலே கிடைத்தது."